நியூட்ரல் சுவிட்சும் நான் சொன்ன கன்னடமும்

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம் என்று வளர்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ரேஷன் கடையில் அப்பாவுக்குப் பதிலாகப் பேசியவர்கள், அம்மாவின் வயிற்றுவலியை டாக்டருக்கு விளக்கியவர்கள், ஒன்பது வயதில் கரண்ட் ஆபீஸ் ஃபாரத்தை நிரப்பி, கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று பெரியவர்களுக்குக் காட்டியவர்கள், நாமெல்லாம் ஒரே கூட்டம். இப்போது நமக்கு முட்டிவலி, சர்க்கரை, பேரன் பேத்தி எல்லாம் வந்துவிட்டது. மற்றவர்களும் படிக்கலாம், நான் ஒன்றும் கதவை அடைக்கவில்லை. ஆனால் "சின்னப் பிள்ளைதானே நீ, இதுக்குப் போயி இத்தனை வருஷமா பயந்தே?" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பட்டவளுக்குத்தானே தெரியும்.

அப்பா தங்கவயலில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கே தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் இருந்தால் போதும், பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டி பென்ஷனும் வாங்கிவிடலாம். கன்னடம் ரெயில்வே ஸ்டேஷன் பலகையில் இருந்தது. யாரும் அதைப் போய்த் தொந்தரவு செய்யவில்லை. சுரங்க வேலை ஆட்டம் காண ஆரம்பித்ததும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பொம்மசந்திராவுக்கு வந்து, ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித் தகரக் கொட்டகை ஒன்று போட்டார். முன்பாதி பட்டறை, பின்பாதி வீடு. இன்றைக்கு அங்கே தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிறது. அன்றைக்கு நாலைந்து ஃபாக்டரிகள், மிச்சமெல்லாம் ராகிக் கொல்லை.

டிராக்டர், பம்ப்செட், லாரி, எது வந்தாலும் அதில் ஒயர் சம்பந்தப்பட்ட வேலை அப்பாவுடையது. கம்பெனி சாமான் விலைக்குச் சுற்று வட்டார விவசாயிகள் ஒரு மாடே வாங்கிவிடுவார்கள். அதனால் அப்பா 'மாத்து' தேடுவார். மாத்து என்பது அவர் சொல். ஒரு வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்குப் பொருந்துவதுதான் மாத்து. டிராக்டருக்கு ஸ்கூட்டர் ஹாரன் மாட்டியிருக்கிறார். அந்த டிராக்டர் வயலில் கீச்சுக் குரலில் கத்துவதைக் கேட்டு ஊரே சிரித்தது, ஆனால் ஹாரன் வேலை செய்தது. ஜீப்பின் கட்-அவுட், லாரியின் ஆம்பியர் மீட்டர், எதையும் எதிலும் உட்கார வைப்பார். ஒரு பழைய பிஸ்கெட் டப்பா நிறைய செப்பு வாஷரும் ஃபியூஸும் ஸ்பிரிங்கும் வைத்திருந்தார். அதைத் திறந்தால் வரும் வாசனை, கிரீஸும் கருகின வார்னிஷும் கலந்தது, எனக்கு மூக்கிலேயே நிற்கிறது. டப்பா எங்கே போனதோ தெரியவில்லை.

அப்பாவுக்குக் கன்னடம் வராது, வருகிறவர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் நான். கன்னட மீடியத்தில் ஐந்தாம் வகுப்பு. "எம்பொண்ணு கன்னடம் பேசுனா கன்னடத்துக்காரங்களே வாய பொளந்துக்கினு கேப்பாங்க" என்று அப்பா எல்லாரிடமும் பெருமையடிப்பார். எனக்குத் தலைகால் புரியாத கர்வம். பத்து வயசுப் பெண்ணை நம்பிப் பட்டறை ஓடியது என்றால் இப்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கு யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது ஓர் அவரைக்காய்க் காலம். மார்கழிக் குளிரில் பெங்களூர் முழுக்க அவரைக்காய் வாசம் அடிக்குமே, அந்தக் காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மாடுகள் ஒரு டிராக்டரை இழுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தன. சிரிக்காமல் எப்படி இருப்பது? அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மட்கார்டு மேல் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. கூடவே டிராக்டரின் சொந்தக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு நடந்து வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் விவசாயி. வரும்போதெல்லாம் ஒரு பை அவரைக்காய் கொண்டு வருவதால் வீட்டில் அவருக்கு அவரைக்காய் மாமா என்று பெயர். நேரில் நான் 'மாவா' என்பேன், கன்னட வழக்கப்படி. குழந்தை அவருடைய கடைக்குட்டி. வந்ததும் இறங்கி ஓடிவந்து என் பாவாடையைப் பிடித்துக்கொள்ளும். நான் அதற்கு எரிந்துபோன ஃபியூஸ் கண்ணாடிகளை விளையாடக் கொடுப்பேன்.

டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, அவ்வளவுதான் கோளாறு. அப்பா அரைமணி நேரம் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் தலையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். நியூட்ரல் சுவிட்ச். வண்டி கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுப்பது அதுதான். உள்ளே உடைந்திருந்தது. கம்பெனி சுவிட்ச் வாங்க மாமாவால் முடியாது, வாங்கினாலும் வர ஒரு மாதம். ராகிக் கதிர் களத்தில் கிடந்தது, மேகம் வேறு மூட்டம் போட்டிருந்தது. நனைந்தால் வருஷத்துச் சாப்பாடு போச்சு. மாமா அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா கொஞ்சம் யோசித்து, சுவிட்சுக்குப் போகிற இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றினார். மாமா அப்போது மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அவருகிட்ட சொல்லு. நாளைக்கு குஜிரிக்குப் போயி மாத்து சுவிட்சு தேடறேன். அதுவரைக்கும் டைரக்ட் குடுத்திருக்கேன். இனிமே கியர்ல இருந்தாக்கூட வண்டி ஸ்டார்ட் ஆயி ஓட ஆரம்பிச்சிடும். அதனால கீழ நின்னுக்கினு சாவி திருப்பவே கூடாது. மேல ஏறி உக்காந்து, நியூட்ரல் பாத்துட்டுத்தான். ரெண்டு நாள் கழிச்சி வரச் சொல்லு. கரெக்டா சொல்லு."

இன்றைக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குக் காதில் விழுந்தது கால்வாசி. ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் டிவி இருந்தது. சனிக்கிழமை சாயந்தரம் சினிமா. என் கால் வாசலைப் பார்த்து நின்றது. நியூட்ரல், கியர் எல்லாம் யாருக்கு வேண்டும்? 'டைரக்ட்' என்ற சொல் மட்டும் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த சொல். சிவாஜிநகருக்கு டைரக்ட் பஸ் என்றால் நல்ல பஸ். மடிவாளத்தில் இறங்கி மாற வேண்டாம், இடிபட வேண்டாம், உட்கார்ந்தால் போய்ச் சேரலாம். டைரக்ட் என்றால் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அப்பா டைரெக்ட் ஹாகிதாரெ மாவா," என்றேன். அப்பா டைரக்ட் போட்டிருக்கிறார். "எரடு தின பிட்டு பன்னி." இரண்டு நாள் விட்டு வாருங்கள். தமிழில் எழுதினால் அந்தக் கடைசிச் சொல் அசிங்கமாகத் தெரிகிறது, அவர்களுக்கு அது மரியாதை.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "டைரெக்டா? கம்பெனியிந்த டைரெக்டா?" கம்பெனியிலிருந்து நேராக வந்த சாமானா என்று கேட்கிறார். எனக்கென்ன தெரியும்?

"ஹௌது மாவா," என்று தலையாட்டினேன்.

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் கன்னடத்தில் 'டைரெக்ட்' என்ற சொல் அவர் காதில் விழுந்தது, மாமா சிரித்துத் தலையாட்டியதும் தெரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நிம்மதியாகக் கை கழுவ உள்ளே போனார். மூன்று பாஷையிலும் அந்தச் சொல் ஒன்றாகவே இருந்ததுதான் வினை. மாமா தரையில் நின்றபடியே எக்கிச் சாவியைத் திருப்பினார். அதுதான் அவருடைய பழக்கம். நியூட்ரலில் இருந்ததால் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. குழந்தையைத் தூக்கி மட்கார்டில் வைத்துக்கொண்டு போனார். நான் சினிமாவுக்கு ஓடினேன்.

மறுநாள் அப்பாவும் நானும் சிவாஜிநகர் குஜிரிக்குப் போனோம். பழைய சாமான் கடைகளின் சந்துதான் குஜிரி. டைனமோ மலை, ரேடியேட்டர் மலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடுக்கு. தரையெல்லாம் கறுப்பு எண்ணெய், செருப்பு ஒட்டிக்கொண்டு வராது. அப்பாவுக்கு வாடிக்கையான பாய் ஒருவர் இருந்தார். ஊதுபத்தி ஏற்றி வைத்துக்கொண்டு, கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை ஜிப்பாவில் உட்கார்ந்திருப்பார். அவர் எப்படித்தான் அழுக்காகாமல் இருந்தாரோ!

அப்பா உடைந்த சுவிட்சைக் கொடுத்ததும் பாய் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தகர டின் ஒன்றைக் கவிழ்த்து இருவரும் தேடினார்கள். மரை பொருந்தினால் வேலை பொருந்தவில்லை. பட்டன் அமுங்கும்போது கரண்ட் போக வேண்டும் இவர்களுக்கு, கிடைப்பதெல்லாம் அமுங்கினால் நிற்கிற ரகம். பாய் தேடிக்கொண்டே கேட்டார்.

"வண்டி இப்ப நிக்கிதா, உஸ்தாத்?"

"இல்ல பாய், ஓடுது. டைரக்ட் குடுத்திருக்கேன்."

பாயின் கை டின்னுக்குள் அப்படியே நின்றது. "யா அல்லா! டைரக்ட்டா? எம்மச்சான் காலு அப்டித்தானே போச்சு. கியர்ல நிறுத்திட்டுப் போயிருக்கான், மறந்துட்டான். வந்து கீழ நின்னு செல்ஃப் அடிச்சான். வண்டி தாவிடிச்சு, உஸ்தாத். பின்வீலு ஏறிடிச்சு. தொடைக்கிக் கீழ நை, ஒண்ணுமே இல்ல."

"நான் தெளிவா சொல்லிட்டேன் பாய். கீழ நிக்காத, மேல ஏறித்தான் திருப்பணும்னு. பாப்பாதான் கன்னடத்துல சொல்லுச்சு. அவரு தலையாட்டிக் கேட்டுக்கினாரு."

பாய் என்னைப் பார்த்து, "ஷாபாஷ் பேட்டி," என்றார். பலே மகளே என்று.

நான் அப்படியா சொன்னேன்? டைரக்ட் போட்டிருக்கிறார், இரண்டு நாள் விட்டு வாருங்கள். அவ்வளவுதான் சொன்னேன். கீழே நிற்காதே என்று நான் சொல்லவே இல்லை. மாமா கீழே நின்றுதான் சாவி திருப்புகிறார், நான் கண்ணால் பார்த்தேன். அவர் வண்டிக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காது, மேடு பள்ளத்தில் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார், அதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை எப்போது பார்த்தாலும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயேதான் விளையாடும். இதெல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் வந்து நின்றது. ஒண்ணுக்கு வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது, பாவாடை நனைந்தது. அந்த எண்ணெய்த் தரையில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் பாய் ஒரு வேனின் ரிவர்ஸ் லைட் சுவிட்சைக் கண்டுபிடித்தார். மரையும் சரி, வேலையும் சரி. கொஞ்சம் நீளம் அதிகம். "ரெண்டு செப்பு வாஷர் போட்டா உக்காந்துரும்," என்று அப்பா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். நல்ல மாத்து கிடைத்த நாட்களில் அவர் எனக்கு ஹோட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுப்பார். அன்றும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "அப்பா, இப்பவே அவங்க ஊருக்குப் போயி மாட்டிடலாமா?"

"இன்னா அவசரம்? நாளைக்கு சாயந்தரம் அவரே வருவாரு."

"இல்லப்பா, போலாம்பா."

"நான்தான் சொல்லி அனுப்பிச்சிருக்கேனே. ஒண்ணும் ஆவாது, வுடு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்க முடியவில்லை. அப்பா அடிப்பார் என்ற பயமில்லை, அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. 'எம்பொண்ணு கன்னடம் பேசுனா' என்ற அந்தப் பெருமை உடைந்துபோகுமே, அந்தப் பயம். இனிமேல் நான் யார்? வெறும் பாத்திரம் தேய்க்கிற பெண். இப்படித்தான் யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது. எதிரே போன ஒவ்வொரு டிராக்டரையும் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் உரிக்க முறத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிதுக்குப் பருப்புக் குழம்பு. எனக்கு அதில் கொள்ளை ஆசை. விரலால் பிதுக்கினால் பருப்பு தோலைவிட்டுச் சட்டென்று வெளியே வரும். ஒன்றைப் பிதுக்கினேன். பாய் சொன்ன கால் ஞாபகம் வந்தது. முறத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பாவி கண்ணுங்க! கன்னடம் பேசறா கன்னடம் பேசறான்னு ஊரே வாய் வெச்சிடுச்சி," என்று மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை. பார்த்தாயா, எவ்வளவு திருஷ்டி என்று அப்பாவிடம் காட்டினாள். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். சாயந்தரம் மாமா வந்துவிடுவார், அப்பா சுவிட்சை மாட்டிவிடுவார், சாயந்தரம் வரைக்கும்தான் என்று நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பீரியடில் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி தாமதமாக வந்து வாசலில் நின்றாள். ஏன் லேட் என்று சார் கேட்டதும், மூச்சு வாங்கிக்கொண்டே, எங்கள் ஊரில் டிராக்டர் தானாக ஓடிக் களத்துக்குள் புகுந்துவிட்டது சார், எல்லாரும் அழுகிறார்கள் என்றாள்.

நான் எழுந்து ஓடினேன். சார் கூப்பிட்டது கேட்டது. ஏரிக்கரை மேல் செருப்பில்லாமல் ஓடினேன். சாமியையெல்லாம் கூப்பிட்டேன். குழந்தையாக மட்டும் இருக்கக் கூடாது, குழந்தையாக மட்டும் இருக்கக் கூடாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடினேன். மாமாவாக இருந்தால் பரவாயில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்போது அது தோன்றவில்லை.

களத்தில் டிராக்டர் பெரிய வைக்கோல் போரில் மூக்கைச் செருகி நின்றுவிட்டிருந்தது. போர் பாதி சரிந்து கிடந்தது. ஆணும் பெண்ணும் பத்துப் பேர் அந்த வைக்கோலைக் கையால் பறித்துப் பறித்து எறிந்துகொண்டிருந்தார்கள். குழந்தையின் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பறிக்கிறாள். குழந்தை எப்போதும் போரடியில்தான் விளையாடுமாம். டிராக்டர் புகுந்ததிலிருந்து காணோமாம். நானும் போய்ப் பறித்தேன். வைக்கோல் கிழித்து விரலெல்லாம் ரத்தம். ஒவ்வொரு பிடி எடுக்கும்போதும் உள்ளே ஒரு சின்னக் கை தெரிந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். என் ஆயுசில் அதற்குமேல் பயப்பட எதுவும் இருக்கவில்லை. பிள்ளை பெற்றேன், புருஷனைப் பறிகொடுத்தேன், அந்தப் பயம் இதில் கால்வாசி வராது.

"ஏனம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். குழந்தை நின்றுகொண்டிருந்தது. கொட்டிலில் கன்றுக்குட்டியோடு இருந்திருக்கிறது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறது! அதன் அம்மா ஓடிப்போய் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. துண்டு முழுக்கச் சிவப்பு. சரிவில் கியரில் நிறுத்தியிருந்த வண்டியைக் கீழே நின்று ஸ்டார்ட் செய்திருக்கிறார். அது தாவி, பின்சக்கரம் பாதத்தின் மேல் ஏறிப் போயிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை முகத்தில். கணக்குத் தப்பாகப் போன பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது மாதிரி பார்த்து, டைரக்ட் என்றாயே அம்மா என்றார்.

பதில் சொல்வதற்குள் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சட்டைப்பையில் அந்தச் சுவிட்ச் துருத்திக்கொண்டிருந்தது. மாமாவின் தம்பி, பெரிய ஆள், நேராக அப்பாவிடம் போய்க் கத்தினார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ்திரியின் மகள் இருக்கிறாளே, அவள் கேட்டுச் சொல்லட்டும் என்று.

"உங்கப்பன் ஏன் முன்னாடியே சொல்லவில்லை? கேள் அவனை!" என்றார் தம்பி கன்னடத்தில்.

"இன்னா பாப்பா சொல்றாங்க?"

"ஏன் சொல்லலன்னு கேக்கறாங்கப்பா."

அப்பா திகைத்துப் போனார். "சொன்னேனே. கீழ நிக்கக் கூடாது, மேல ஏறித்தான் திருப்பணும்னு உங்கிட்ட சொல்லி அனுப்பிச்சேனே. அத சொல்லு அவங்களுக்கு."

சொல்லு என்கிறார். சுற்றிலும் அத்தனை பேர். அந்தத் தம்பியின் கை, உலக்கை மாதிரி. துண்டில் ரத்தம். அப்பா சொன்னதை அப்படியே கன்னடத்தில் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். நான் தம்பியின் பக்கம் திரும்பினேன்.

"அப்பா மர்த்பிட்ரந்தெ," என்றேன். அப்பா மறந்துவிட்டாராம்.

நீங்கள் நம்ப வேண்டாம், ஆனால் நான் அதைச் சொன்னேன். என் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு கணம். பிறகு தம்பியைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். தம்பி அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். பொத்தான் தெறித்தது. சுவிட்ச் தரையில் விழுந்தது. அப்பா கையை ஓங்கவில்லை, தடுக்கவில்லை. அவர்கள் மாமாவை மாட்டு வண்டியில் ஏற்றி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோன பிறகு, அப்பா தரையில் தேடி அந்தச் சுவிட்சை எடுத்து, துடைத்து, வைக்கோலுக்குள் புகுந்து, கியர்பாக்ஸில் மாட்டினார். இரண்டு செப்பு வாஷர் போட்டார். பெண்கள் சுற்றி நின்று வைதுகொண்டிருந்தார்கள். "இன்னா சொல்றாங்க?" என்று அப்பா என்னிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எப்போதுமே கேட்கவில்லை. மாமாவுக்குக் காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். ஊரில் அப்பாவுக்கு 'மரெவு மிஸ்திரி' என்று பெயர் வைத்தார்கள், மறதி மிஸ்திரி. கொஞ்ச நாள் யாரும் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களும், "மிஸ்திரி, மறக்காமல் சொல்லிவிடப்பா" என்று கேலி செய்தார்கள். ஒரு ஃபியூஸைக்கூட மறக்காத மனுஷன் அவர். சிரித்துக்கொள்வார். எனக்கு உள்ளே தீ வைத்தது மாதிரி இருக்கும்.

அப்பா கன்னடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி, வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு. 'கெளகெ நில்பேடி', கீழே நிற்காதீர்கள், அதுதான் முதல் பக்கம். மற்ற பிள்ளைகள் பேயைக் கண்டு பயப்படுவார்கள், நான் அந்த நோட்டைக் கண்டு பயந்தேன். ஒவ்வொரு வார்த்தை ஏறும்போதும், அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று கண்டுபிடிக்க அவர் ஓரடி நெருங்குகிறார். யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் புரட்டுவேன். 'மர்த்பிட்ரந்தெ' எங்கேயும் இல்லை. அப்பாடா என்று மூடிவைப்பேன். எத்தனை வருஷம் அப்படிப் புரட்டினேன்! படித்தவள், இரண்டு பாஷைக்காரி, எனக்கு ஒரு சின்ன விஷயம் உறைக்கவில்லை. மர்த்து, மறந்து. தமிழ்க் காதில் விழுந்தால் போதும், அதை யாரும் நோட்டில் எழுதிப் படிக்க வேண்டியதில்லை.

போன மார்கழியில் அப்பா போய்ச் சேர்ந்தார். மாமா வந்தார். எண்பதைத் தாண்டியாயிற்று. அன்றைய குழந்தை, இன்றைக்கு நரைத்த தலைக்காரி, ஸ்கூட்டரில் கூட்டி வந்தாள். தடியை ஊன்றி, அந்தக் காலை இழுத்து இழுத்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அப்பாவின் கால்மாட்டில் இருந்தாள். நாற்பது வருஷம் பொம்மசந்திராவில் இருந்தும் கன்னடத்தைக் கிட்டே சேர்க்காதவள்.

மாமா கன்னடத்தில் பேசினார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, உங்கப்பா தினமும் வந்தார். முதல் நாளே கட்டில் பக்கத்தில் நின்று, கும்பிட்டு, 'மர்த்பிட்டெ' என்றார். மறந்துவிட்டேன் என்று. அவர் வாயில் நான் கேட்ட முதல் கன்னடம் அதுதான் அம்மா. பன்னிரண்டு நாளும் அதே ஒரு சொல். போதும் மிஸ்திரி, விடு என்றாலும் கேட்கவில்லை.

என் காதில் வேறெதுவும் விழவில்லை. அன்றே தெரிந்திருக்கிறது. களத்திலேயே, அந்தக் கணத்திலேயே. தெரிந்துதான் தலையாட்டியிருக்கிறார். நான் சொன்ன பொய்யைத் தன் வாயால் பன்னிரண்டு நாள் சொல்லிச் சொல்லி உண்மையாக்கியிருக்கிறார், யாரும் என் பக்கம் திரும்பக் கூடாதென்று. நானோ அவருடைய நோட்டைத் திருடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயமாகத்தான் இருந்தது, பத்து வயதில் இருந்த அதே பயம். ஆனாலும் சொன்னேன். "அப்பா மரீலில்ல மாவா," அப்பா மறக்கவில்லை என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் அவருடைய கன்னடத்தில் சொன்னேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, "அப்படியென்றால், என் தம்பி அவர் சட்டையைப் பிடித்தானே. நான் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்," என்றார். மகளின் தோளைப் பிடித்து எழுந்தார். அப்பாவின் பக்கத்தில் போய், குனிய முடியாமல் குனிந்து, அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சத்தமாக ஏதோ சொல்லி அழுதார். வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி சொல்றாரு அவரு? எதுக்கு இப்டி அழுவறாரு?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.